மன்னிக்கும் உரிமை யாருக்கு? லீ சாங்-தோங்கின் 'மிர்யாங்', 'கவிதை' திரைப்படங்களில் அவலமும் கருணையும்

ஆய்வுச் சுருக்கம்

தென்கொரிய இயக்குநர் லீ சாங்-தோங்கின் 'மிர்யாங்' (2007), 'கவிதை' (2010) ஆகிய திரைப்படங்கள் இரண்டும் ஒரு பிள்ளையின் சாவுக்குப் பின் எஞ்சி நிற்கும் பெண்ணை மையமாகக் கொண்டவை. முதற்படத்தில் அவள் கொல்லப்பட்ட சிறுவனின் தாய். அடுத்த படத்தில் ஒரு மாணவியைச் சாவுக்குத் தள்ளியவர்களுள் ஒருவனுடைய பாட்டி. இறந்தவருக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கவோ தீர்த்து முடிக்கவோ உரிமையுடையவர் யார் என்னும் வினாவே இவ்விரு படங்களையும் பிணைக்கிறது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தன் துயருக்கு அழுதல், பிறர் துயருக்கு அழுதல் எனத் தொல்காப்பிய உரையாசிரியர் பேராசிரியர் காட்டும் பாகுபாடு இவ்வொப்பீட்டுக்குக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: கொரியத் திரைப்படம், லீ சாங்-தோங், மெய்ப்பாடு, அவலம், கருணை, மன்னிப்பு, சமரசத் தொகை.

1. முன்னுரை

குடும்ப உறவுகளின் முறிவையும் தனிமனிதர் படும் இன்னலையும் பொருளாகக் கொண்ட படங்கள் கொரியத் திரைப்பட வரலாற்றில் நிலையான இடம் பெற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை துயருற்றவரின் பக்கம் நின்று பார்வையாளரை அழவைப்பதையே நோக்கமாகக் கொண்டவை. லீ சாங்-தோங்கின் படங்களும் துயரத்தையே பேசுகின்றன. ஆயினும் அவை அழுகையை ஒரு முடிவாகக் கொள்வதில்லை. அழுதபின் என்ன? இறந்தவருக்கு ஈடு யார் செய்வது? தீங்கு செய்தவன் அமைதி அடைந்துவிட்டால் தீங்கு முடிந்துவிடுமா? இவ்வினாக்களிலிருந்தே அவருடைய கதைகள் தொடங்குகின்றன.

மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன. பிறரால் இழிவுபடுத்தப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், நுகரப் பொருளின்மை என இவற்றைச் சுருங்கப் பொருள் கொள்ளலாம். அழுகையை விளக்கும் பேராசிரியர், ஒருவர் தாமே அவலமுறுதலும் பிறர்படும் அவலங்கண்டு அவலமுறுதலும் வேறு என்றும், இவற்றைத் தனித்தனியே அவலம், கருணை எனப் பிரித்து எண்ணுதலும் உண்டு என்றும் காட்டுகிறார். கொரியப் படங்களுக்கும் தமிழ் இலக்கணத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. துயரம் யாருடையது, அழுவது யார் என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காண இப்பாகுபாடு தெளிவான கலைச்சொற்களைத் தருகிறது என்பதே அதனைக் கையாள்வதற்கான காரணம்.

2. கொரிய அவலப் படங்களின் மரபும் லீ சாங்-தோங்கும்

கொரிய மேடையில் 1910-களில் ஜப்பானிய ஷிம்பா நாடகத்தின் வழி 'ஷின்பா' என்னும் கண்ணீர் நாடக வகை வேரூன்றியது. கைவிடப்பட்ட பெண், பிரிக்கப்பட்ட தாயும் பிள்ளையும், கடனில் மூழ்கிய குடும்பம் என்பன அதன் நிலையான பொருள்கள். திரைப்படம் அவற்றை ஏற்றுக்கொண்டது. கொரியப் போருக்குப் (1950–1953) பின் அத்துயரம் சமூகப் பின்னணி பெற்றது. யூ ஹியோன்-மோக் இயக்கிய 'ஓபால்தன்' (1961) படத்தில் பல்வலிக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ளவும் இயலாத எழுத்தர் ஒருவரின் குடும்பம் சிதைகிறது. மனம் பேதலித்த தாய் 'போகலாம்' என்று கூவிக்கொண்டே படுத்திருக்கிறாள். வறுமையும் அசைவும் ஒரே வீட்டில் குடிகொண்ட காட்சி அது.

1954-இல் தேகு நகரில் பிறந்த லீ சாங்-தோங், 1983-இல் எழுத்துலகில் அறிமுகமான புனைகதையாசிரியர். 'பச்சை மீன்' (1997) அவருடைய முதற்படம். 2003 முதல் 2004 வரை தென்கொரியாவின் பண்பாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்தார். அவருடைய இரண்டாம் படமான 'பெப்பர்மின்ட் கேண்டி' (1999), தற்கொலை செய்துகொள்ளும் ஒருவனின் வாழ்வை இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் சொல்கிறது. 1980-இல் குவாங்ஜு எழுச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட இளம் படைவீரனாகிய அவன் கையால் ஒரு மாணவி தவறுதலாகக் கொல்லப்படுகிறாள். அம்மாணவியைப் பற்றிப் படம் மேலும் எதுவும் சொல்வதில்லை. கொன்றவன் சிதைந்த கதை முழுமையாகச் சொல்லப்படுகிறது. கொல்லப்பட்டவளின் கதை சொல்லப்படாமலே நிற்கிறது. பின்வந்த 'மிர்யாங்', 'கவிதை' இரண்டும் அவ்விடைவெளியை நோக்கித் திரும்பியவை என்று கொள்ள இடமுண்டு.

3. 'மிர்யாங்': கையிலிருந்து பறிபோன மன்னிப்பு

'மிர்யாங்' படத்துக்கு மூலம் யீ சோங்-ஜுன் 1985-இல் வெளியிட்ட 'புழுவின் கதை' என்னும் சிறுகதை. அக்கதையைக் குவாங்ஜுவோடு இணைத்துப் படிக்கும் வழக்கம் கொரியத் திறனாய்வில் உண்டு. தாமும் அவ்வாறே படித்ததாக இயக்குநர் கூறியுள்ளார். தீங்குற்றவர்கள் வாய் திறப்பதற்குமுன் தீங்கு செய்தவர்கள் இணக்கம் பேசத் தொடங்கிய காலச்சூழல் அக்கதைக்குப் பின்னணி. கதையில் மகனை இழந்த தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். திரைப்படம் அவளை வாழவிடுகிறது. இம்மாற்றம் படத்தின் பொருளையே மாற்றுவது.

கணவனை இழந்த ஷின்-ஏ, அவன் பிறந்த ஊராகிய மிர்யாங்குக்கு மகன் ஜுன்னுடன் குடிவருகிறாள், பியானோ கற்பிக்கிறாள். கணவனுக்கு வேறொரு பெண்ணுடன் உறவு இருந்ததைத் தம்பி சுட்டிக்காட்டியும் அவள் ஏற்க மறுக்கிறாள். புதிய ஊரில் தன்னை எவரும் தாழ்வாக எண்ணக்கூடாது என்று, நிலம் வாங்கும் வசதி உடையவள்போல் பேசுகிறாள். அப்பேச்சை நம்பிய பேச்சுப் பயிற்சிப் பள்ளி ஆசிரியன் பணத்துக்காகச் சிறுவனைக் கடத்திக் கொன்றுவிடுகிறான். இளிவுக்கு அஞ்சிச் சொன்ன பொய் இழவுக்கு வழியாகிறது. எனவே ஷின்-ஏயின் துயரத்தில் தொடக்கத்திலிருந்தே குற்றவுணர்வு கலந்துள்ளது.

அழுகை வெளிப்படும் இடங்களை இயக்குநர் கவனமாக அமைத்துள்ளார். எரியூட்டும் இடத்தில் ஷின்-ஏ அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லையே என்று மாமியார் பழிக்கிறாள். பின்னர்த் திருச்சபைச் செபக் கூட்டம் ஒன்றில், அறிமுகமற்றோர் நடுவே, அடிவயிற்றிலிருந்து கதறுகிறாள். போதகர் வந்து தலைமேல் கை வைக்கிறார். உறவினர் எதிர்பார்த்த இடத்தில் வராத கண்ணீர், எவரும் எதிர்பாராத இடத்தில் வருகிறது. துயரத்துக்கென ஊர் வகுத்த முறைமைக்கும் துயரமுற்றவரின் உடலுக்கும் இடையிலான பிளவை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

சமய வாழ்வில் அமைதி கண்ட ஷின்-ஏ, கொலையாளியை நேரில் கண்டு மன்னிக்கச் சிறைக்குச் செல்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் தெளிந்த முகத்துடன் அமர்ந்திருக்கிறான். தானும் கடவுளை ஏற்றுக்கொண்டதாகவும், கடவுள் தன்னை மன்னித்துவிட்டதாகவும் பணிவோடு கூறுகிறான். வெளியே வந்த ஷின்-ஏ மயங்கி விழுகிறாள். அவன் திருந்தியது உண்மையா நடிப்பா என்பதைப் படம் ஆராய்வதில்லை. உண்மையாகத் திருந்தியிருந்தால் அவளுக்கு நேர்ந்த இழப்பு இன்னும் பெரிது. மகன் போனபின் அவனோடு அவளுக்கு எஞ்சியிருந்த கடைசி உறவு, அவனுக்காக மன்னிக்கும் அல்லது மன்னிக்க மறுக்கும் உரிமை. அவ்வுரிமையைக் கேட்காமலே வேறொருவர் கையாண்டுவிட்டார் என்பதே அவளது குமுறல்.

இதன்பின் அவள் செய்யும் செயல்கள் அனைத்தும் கடவுளை நோக்கிய வழக்காடல்களே. எழுப்புதல் கூட்டத்தின் ஒலிபெருக்கியில் கிம் சூ-ஜாவின் 'பொய்யே' என்னும் பழைய பாடலை ஒலிக்கவைக்கிறாள். தன்னை நம்பிக்கைக்கு அழைத்த குடும்பத்தைச் சேர்ந்த திருச்சபை மூப்பரை மயக்க முயல்கிறாள். இறுதியில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து காப்பாற்றுமாறு வேண்டுகிறாள். எனினும் இதனைச் சமய எதிர்ப்புப் படம் எனச் சுருக்குவது பொருந்தாது. திருச்சபைப் பெண்கள் உண்மையான அன்புடனேயே காட்டப்பட்டுள்ளனர். அவளைப் பின்தொடர்ந்து திருச்சபைக்கு வரத் தொடங்கிய ஊர்திப் பழுதுபார்ப்பவன் ஜோங்-சான், அவள் விலகியபின்னும் அங்குச் செல்கிறான். படம் மறுப்பது நம்பிக்கையையன்று. பாதிக்கப்பட்டவரைத் தாண்டிச் செல்லும் மன்னிப்பையே.

இதற்கு இணையான மற்றோர் இழையும் உண்டு. கொலையாளியின் மகளைச் சிலர் சந்தில் வைத்து அடிப்பதை ஷின்-ஏ காண்கிறாள், நிற்காமல் சென்றுவிடுகிறாள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில் அவள் முடி வெட்டச் செல்லும் கடையில் அதே பெண் கத்தரியுடன் நிற்கிறாள். பாதி வெட்டிய முடியோடு ஷின்-ஏ எழுந்து வெளியேறுகிறாள். பிறருடைய அவலத்தைக் கண்டு அவலமுறும் நிலை, அதாவது கருணை, அவளை இருமுறை நெருங்குகிறது; இருமுறையும் நிறைவேறவில்லை. அதற்காகப் படம் அவளைக் குறைகூறவும் இல்லை. தன் துயர் தீராதவரிடம் கருணையைக் கடமையாகக் கேட்கமுடியாது என்பதை அக்காட்சிகள் மௌனமாகச் சொல்கின்றன.

4. 'கவிதை': தொகையாகத் தீர்க்கப்படும் சாவு

'கவிதை' அதே வினாவை எதிர்த்தரப்பிலிருந்து எழுப்புகிறது. சிற்றூர் ஒன்றின் ஆற்றில் பள்ளி மாணவி ஒருத்தியின் உடல் மிதந்து வருகிறது. ஆறு மாணவர்கள் பல மாதங்கள் அவளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதால் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவ்வறுவருள் ஒருவன் 66 வயது மிஜாவின் பேரன் ஜோங்-வுக். மகள் வெளியூரில் இருக்க, பக்கவாதமுற்ற முதியவர் ஒருவருக்குப் பணிவிடை செய்து கிடைக்கும் கூலியில் பேரனை வளர்க்கிறாள் மிஜா. அவளுக்கு மறதி நோயின் தொடக்க நிலை. முதலில் பெயர்ச்சொற்கள் மறையும், பின்னர் வினைச்சொற்கள் மறையும் என்கிறார் மருத்துவர். அந்நிலையில்தான் அவள் கவிதை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

மற்ற ஐந்து மாணவர்களின் தந்தையர் உணவகத்தில் கூடி மிஜாவையும் அழைக்கின்றனர். குடும்பத்துக்கு 50 இலட்சம் வொன், ஆக மொத்தம் 3 கோடி வொன் இறந்தவளின் தாய்க்குக் கொடுத்து விவகாரத்தை முடித்துவிடலாம் என்பது அவர்களின் திட்டம். பள்ளி நிருவாகமும் செய்தி வெளியே வராமலிருப்பதையே விரும்புகிறது. கொரியச் சட்ட நடைமுறையில் சமரசத் தொகைக்கு முதன்மை உண்டு. பாதிக்கப்பட்டவருடன் உடன்பாடு எட்டப்பட்டால் தண்டனை குறைய வாய்ப்புண்டு. பாலியல் குற்றங்கள் பலவற்றில் பாதிக்கப்பட்டவரின் முறையீடு இருந்தாலே வழக்குத் தொடரலாம் என்னும் விதி 2013-இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே படத்தில் வரும் பேரம் கதைக்காகப் புனைந்த கொடுமையன்று. அக்காலச் சமூகம் வழக்கமாகக் கண்ட நடைமுறை. தந்தையரும் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. சோறு உண்டு, சிரித்துப் பேசி, பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணுகின்றனர். இறந்த மாணவியின் பெயர் அவ்வுரையாடலில் வேண்டப்படாத ஒன்றாகிவிடுகிறது என்பதுதான் கொடுமை.

மிஜா எழுந்து வெளியே செல்கிறாள்; கோழிக்கொண்டைப் பூவை உற்றுநோக்கிக் குறிப்பேட்டில் எழுதுகிறாள். பொறுப்பினின்று தப்பும் செயலாக இது முதலில் தோன்றலாம். ஆனால் வகுப்பில் ஆசிரியர் ஓர் ஆப்பிளை எடுத்துக்காட்டி, இதனை நீங்கள் இதுவரை உண்மையாகப் பார்த்ததில்லை என்கிறார். அப்பாடத்தை மிஜா பூக்களிலும் மரங்களிலும் தொடங்கி, இறுதியில் இறந்த பெண்ணிடம் கொண்டுசெல்கிறாள். அப்பெண்ணின் நினைவுத் திருப்பலிக்குச் சென்று, வாயிலில் வைத்திருந்த படத்தை எடுத்துவருகிறாள். கொடுமை நிகழ்ந்த பள்ளி ஆய்வுக்கூடத்தைச் சாளரம் வழியே பார்க்கிறாள். அவள் குதித்த பாலத்தில் நிற்கிறாள். ஆற்றங்கரையில் குறிப்பேட்டைத் திறக்கையில் எழுத்துக்கு மாறாக மழைத்துளிகள் விழுகின்றன. காணுதல் இங்கே கருணையின் முறையாகிறது.

அந்தப் படத்தைக் காலை உணவு மேசையில் பேரன் முன் வைக்கிறாள். அவன் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்புகிறான். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையிலான விரிசல் சண்டையாகவோ கண்ணீராகவோ காட்டப்படவில்லை. தன்னால் இறந்தவளின் முகத்தைக் கண்டும் அவன் அசையாமலிருப்பதே அவ்விரிசல்.

மிஜாவின் கைகளும் தூயவையாக விடப்படவில்லை. மற்றப் பெற்றோர் வற்புறுத்தியதால் இறந்தவளின் தாயை இணங்கவைக்கச் செல்கிறாள். வழியில் தரையில் விழுந்து நசுங்கிய பாதாமிப் பழங்களைக் கண்டு நிற்கிறாள். வயலில் வேலை செய்யும் தாயிடம் பழத்தையும் விளைச்சலையும் பற்றி மகிழ்ந்து பேசிவிட்டுத் திரும்பும்போதுதான் தான் வந்த காரணம் நினைவுக்கு வர, உறைந்துபோகிறாள். தான் பணிவிடை செய்யும் முதியவரின் விருப்பத்துக்கு ஒருநாள் இணங்கியவள், பின்னர் அவரிடமே 50 இலட்சம் வொன் கேட்கிறாள். அதனை மிரட்டலாகவே அவர் புரிந்துகொள்கிறார்; அவள் மறுப்புச் சொல்லவில்லை. வறுமை, இளிவு, அசைவு மூன்றும் ஒருங்கே அவள்மேல் இறங்கும் இடம் இது.

தொகை செலுத்தப்படுகிறது. பிறர் அனைவருக்கும் விவகாரம் அத்துடன் முடிந்தது. மிஜாவுக்கு முடியவில்லை. பேரனுக்குப் பிடித்த உணவை வாங்கித் தருகிறாள்; குளிக்கச் சொல்கிறாள்; கால் நகங்களை வெட்டிவிடுகிறாள். வீட்டெதிரே இருவரும் பூப்பந்து ஆடும்போது காவலர்கள் வந்து அவனை அழைத்துச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் கவிதை வாசிப்புக் குழுவில் மிஜா அறிந்தவர். முறையிட்டது அவளே என்று படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை; சொல்லாமலே புரியவைக்கிறது. பேரனை அவள் வெறுத்துக் கைவிடவில்லை என்பதற்கு நகம் வெட்டும் காட்சியே சான்று. அன்பும் நீதியும் எதிரெதிர் என்னும் எண்ணத்தை அக்காட்சி மறுக்கிறது.

5. அழவைக்காத அழுகை

மிஜாவாக நடித்த யூன் ஜோங்-ஹீ, 1960-களின் கொரியக் கண்ணீர்ப் படங்களில் பெரும்புகழ் பெற்ற மூன்று நடிகையருள் ஒருவர். அவருடைய இயற்பெயரும் மிஜாவே. அம்மரபின் முகத்தையே முன்னிறுத்தி அம்மரபின் உத்திகளை விலக்குகிறார் இயக்குநர். 'கவிதை'யில் உணர்வைத் தூண்டும் பின்னணி இசை இல்லை. ஆற்றொலியில் தொடங்கி ஆற்றொலியில் முடிகிறது.

இரு படங்களின் தொடக்கமும் முடிவும் ஒப்புநோக்கத்தக்கவை. மிர்யாங் என்னும் ஊர்ப்பெயரின் சீன எழுத்துகளுக்கு மறைந்த கதிரொளி என ஷின்-ஏ பொருள் சொல்கிறாள். வெயிலிலும் கடவுளின் எண்ணம் உண்டு என்று மருந்துக்கடைப் பெண் கூறுகையில், வெறும் வெயில்தான், அதில் ஒன்றுமில்லை என மறுக்கிறாள். வானத்தைக் காட்டித் தொடங்கும் படம், முற்றத்தில் அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள, ஜோங்-சான் கண்ணாடி பிடித்து நிற்க, அழுக்குத் தரையில் விழும் வெயிலில் முடிகிறது. ஆறுதல் வானத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பெயர் சூட்டப்படவில்லை.

'கவிதை'யின் முடிவு இன்னும் ஒரு படி செல்கிறது. வகுப்பில் மிஜா மட்டுமே கவிதை எழுதித் தருகிறாள். அது இறந்த மாணவியின் திருமுழுக்குப் பெயரான ஆக்னஸைத் தலைப்பில் தாங்கியது. முதலில் மிஜாவின் குரலில் ஒலிக்கும் அக்கவிதை நடுவில் அம்மாணவியின் குரலுக்கு மாறுகிறது. பாலத்தின்மேல் நிற்கும் அவள் திரும்பிப் பார்வையாளரை நேராக நோக்குகிறாள். படம் முழுவதும் பிணமாகவும் புகைப்படமாகவும் இருந்தவள் இறுதியில் பேசுபவள் ஆகிறாள். பெயர்ச்சொற்களை இழந்துவரும் மூதாட்டி மறக்கப்பட்ட ஒரு பெயரை மீட்டுத் தருகிறாள்.

6. சமகாலப் படங்களுடன் ஒப்பீடு

அதே ஆண்டுகளில் வெளிவந்த வேறிரு படங்களோடு வைத்துப் பார்க்கையில் இவ்வணுகுமுறையின் தனித்தன்மை விளங்கும். பார்க் சான்-வுக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' (2005) படத்தில், கொல்லப்பட்ட குழந்தைகளின் குடும்பத்தார் கொலையாளியைத் தாமே தண்டிக்கின்றனர். உரிமை அவர்கள் கைக்கு வருகிறது, துயரம் தீர்வதில்லை. போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009) படத்தில், மகன் செய்த கொலையை மறைக்கத் தாய் மற்றொரு கொலை செய்கிறாள். வேறோர் அப்பாவி சிறைப்படுகிறான். முடிவில் கொடிய நினைவுகளை அழிக்கும் இடத்தில் தனக்குத்தானே ஊசி குத்திக்கொண்டு ஆடத் தொடங்குகிறாள். அவள் மறதியைத் தேடிக்கொள்கிறாள்; மிஜா மறதி நோய்க்கு நடுவிலும் நினைவைத் தேடிச் செல்கிறாள். ஒருத்தியின் அன்பு தன் பிள்ளையோடு முடிகிறது. மற்றவளின் அன்பு பிறர் பிள்ளை வரை நீள்கிறது.

7. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். 'மிர்யாங்' படத்தில் கடவுளின் பெயராலும், 'கவிதை' படத்தில் பணத்தின் வாயிலாகவும், இறந்தவரைக் கேளாமலே தீங்கு தீர்க்கப்படுகிறது. இரண்டும் தோற்றத்தில் வேறாயினும், பாதிக்கப்பட்டவரின் இடத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளும் செயல் என்னும் வகையில் ஒன்றே. ஷின்-ஏயின் கதை தன் துயருக்கு அழும் அவலத்தின் கதை; அது கருணையின் வாயில் வரை சென்று நின்றுவிடுகிறது. மிஜாவின் கதை பிறர் துயருக்கு அழும் கருணையின் கதை. அக்கருணை நுகரப்படும் உணர்வாக நில்லாமல், தன் பேரனைச் சட்டத்தின் முன் நிறுத்தும் செயலாகவும் இறந்தவளுக்குக் குரல் தரும் கவிதையாகவும் விளைகிறது. இறந்தவர் சார்பில் மன்னிக்க எவராலும் இயலாது; மறக்காமல் இருக்க மட்டுமே இயலும் என்பது இவ்விரு படங்களையும் சேர்த்துக் காண்கையில் பெறப்படும் கருத்து. அவலத்தையும் கருணையையும் வேறுபடுத்திய பழைய உரைமரபு, பிறமொழித் திரைப்படங்களை ஆராயவும் பயன்தரும் என்பது இவ்வொப்பீட்டின் துணைப்பயன்.